கருவி அவர் கையில் இருக்கட்டும்

நுழையும்முன்

கற்பதற்கு வயது வரம்பில்லை என்பர். முதியோர் கணினியையும் இணையத்தையும் கற்க முற்படும்போது, அக்கூற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு இளையோரையும் சேர்கிறது.

ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர். மிதிவண்டியில் ஊர்தோறும் சென்று கடிதங்களையும் பணவிடைகளையும் சேர்ப்பித்தவர். எழுத்தறியாதோர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்களுக்கு வந்த கடிதங்களைப் படித்துக்காட்டியவர். இன்று தம் திறன்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லுமாறு பேத்தியை அழைக்கிறார்.

நவம்பர் மாதம் பிறந்தால் ஓய்வூதியர் தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றினை அளிக்க வேண்டும். இதற்கான மின்னணு முறை 2014இல் நடைமுறைக்கு வந்தது. முகத்தைத் திறன்பேசியில் காட்டியே சான்றளிக்கும் வசதி 2021இல் சேர்ந்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் பேத்தி, "கொடுங்கள் தாத்தா" என்று கருவியை வாங்கிச் சில நிமிடங்களில் பணியை முடித்துவிடுகிறாள். வேலை முடிந்தது, கற்றல் நிகழவில்லை.

தயக்கம் ஏன்?

முதியோரின் தயக்கம் அறியாமையன்று. பழைய வானொலியில் ஒரு திருகுக்கு ஒரு வேலைதான். தொடுதிரையிலோ, ஒரே இடத்தில் நொடிக்கொரு பொத்தான் தோன்றி மறைகிறது. முதுமையில் உலர்ந்த விரல்நுனியைத் திரை சில வேளைகளில் உணர்வதில்லை. சற்று நீள அழுத்தினால் வேறொன்று திறக்கிறது. "பழுதாக்கிவிட்டேனோ?" என்னும் அச்சம் அங்கேதான் பிறக்கிறது. எழுத்தைப் பெரிதாக்குவதும், மொழியைத் தமிழுக்கு மாற்றுவதும், பின்னோக்கிச் செல்லும் வழியை முதலில் காட்டுவதும் அவ்வச்சத்தைக் குறைக்கும்.

ஊரகக் குடும்பங்களுக்குக் கணினி எழுத்தறிவு அளிக்க 2017இல் நடுவணரசு வகுத்த திட்டம், 14 முதல் 60 வயது வரையுள்ளோர்க்கே உரியதாக இருந்தது. அறுபதைக் கடந்தோர்க்கு வீடே பள்ளி, பேரக்குழந்தைகளே ஆசிரியர்.

முதுமை தடையன்று

சப்பானின் மசாகோ வகாமியா 1935இல் பிறந்தவர், வங்கிப் பணியாளர். ஓய்வுபெறும் காலத்தில்தான் கணினி வாங்கிப் பழகினார். முதியோர்க்கேற்ற திறன்பேசி விளையாட்டுகள் இல்லாமை கண்டு, நிரலாக்கம் கற்று, 2017இல் தம் 81ஆம் வயதில் தாமே ஒன்றை உருவாக்கி வெளியிட்டார்.

கற்பிப்போர் கடமை

கற்பிப்பவர் செய்யத்தகாத செயல் ஒன்றுண்டு. "இரகசிய எண்ணைச் சொல்லுங்கள், நானே போடுகிறேன்" என்னும்போது, அவ்வெண்ணைப் பிறரிடம் சொல்லலாம் என்னும் தவறான பாடத்தை அவர் புகட்டுகிறார். மோசடிக்காரன் தொலைபேசியில் கேட்பதும் அதையே. யுபிஐ வழியாகப் பணம் அனுப்பவே இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இவ்விரண்டும் முதல் நாள் பாடங்களாதல் நன்று.

அடுத்த நவம்பரில் பேத்தி கருவியை வாங்கவில்லை. அருகில் அமர்ந்து வழிமட்டும் சொல்கிறாள். தாத்தா ஒவ்வொரு படியையும் நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறார். இருமுறை தவறுகிறது. அவள் கை நீள்கிறது, தானே மடங்குகிறது. மூன்றாம் முறை, இமைக்கச் சொன்னதும் இமைக்கிறார். சான்று பதிவான செய்தி வருகிறது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அன்று பிறர் கடிதங்களைப் படித்த அதே குரலில், தமக்கு வந்த செய்தியைத் தாமே படிக்கிறார்.