செங்கோட்டையில் இரண்டு காங்கிரஸ்

தென்காசியிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் செங்கோட்டை வந்துவிடும். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களில் பலர் இந்த ஊரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் சாரல் இந்த ஊரையும் நனைத்துவிட்டுத்தான் போகிறது. சாரலைத் தவிர இங்கே ஒரு பழைய கதையும் இருக்கிறது. குடும்பப் பெண்கள் கேட்க வேண்டிய கதை.

ஊர் வாசலில் நிற்கும் வளைவை அண்ணாந்து பாருங்கள். அதில் ஒரு சங்கு தெரியும். தமிழ்நாட்டு முத்திரையில் இருப்பது கோபுரம் அல்லவா, சங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சின்னம். 1956-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி வரையில் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்ததல்ல. மலைக்குக் கிழக்கே உட்கார்ந்துகொண்டு, வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, மலைக்கு மேற்கே இருந்த திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்த ஊர் இது. வாஞ்சிநாதன் பிறந்தது இங்கே. உத்தியோகம் பார்த்தது மலைக்கு அப்பால் புனலூரில். 1904-ல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் விட்ட பிறகு, வியாபாரமும் உறவும் அந்தப் பக்கம் இன்னும் நெருங்கின.

இனி, ஓட்டு விஷயத்துக்கு வருவோம். திருவிதாங்கூரில் 1948 பிப்ரவரியிலேயே வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுத்துத் தேர்தல் நடத்தினார்கள். இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு மூன்று வருஷத்துக்கும் மேல் முந்தியது அது! அந்தத் தேர்தலில் தமிழர்களுக்கு ஒரு தர்மசங்கடம் வந்து சேர்ந்தது. சமஸ்தானக் காங்கிரஸ் ஒன்று இருந்தது. தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையோடு, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று இன்னொன்றும் கிளம்பியிருந்தது. அதன் பெருந்தலைவர் மார்ஷல் நேசமணி. இரண்டிலும் கதர்தான், இரண்டிலும் காந்தி பக்தர்கள்தான். பங்காளிகள் இருவர் ஒரே வாசலில் வந்து நின்றால் யாருக்கு முதலில் நாற்காலி போடுவது?

அந்தக் காலத்து இல்லத்தரசியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். "ஆளும் கட்சி அபேட்சகரை அனுப்பினால் ரோடு வரும், பள்ளிக்கூடம் வரும், நாலு பேர் கொண்ட கட்சி என்ன சாதித்துவிடும்?" என்பார் ஒருவர். (அபேட்சகர் என்றால் இன்றைய வேட்பாளர்தான்.) "ரோடு யார் வேண்டுமானாலும் போடலாம். நம் பிள்ளை எந்த பாஷையில் படிப்பான், நம் மனு எந்த பாஷையில் எழுதப்படும் என்று கேட்க நம் ஆள் வேண்டாமா?" என்பார் மற்றவர். இரண்டிலும் நியாயம் உண்டு. அதுதான் தொல்லை! சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தல்களில் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி. மறைவிலே நின்று, சீட்டை விரும்பிய பெட்டியில் போட வேண்டும். அங்கே கணவரும் இல்லை, மாமனாரும் இல்லை. தானும் தன் மனசும்தான்.

1948-ல் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 14 இடங்கள் கிடைத்தன. 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையின் 117 இடங்களில் 12. சின்னத் தொகைதான். ஆனால் அந்தச் சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. பட்டம் தாணுப்பிள்ளை மந்திரிசபை கவிழ்ந்து, 1955-ல் காங்கிரஸின் பனம்பிள்ளி கோவிந்த மேனன் மந்திரிசபை அமைத்தபோது, இந்தத் தமிழ் அங்கத்தினர்களின் ஆதரவு தேவைப்பட்டது. நாலு பேர் என்று ஏளனம் செய்தவர்கள் அவர்களிடமே வர வேண்டியதாயிற்று.

ஓட்டு மட்டும் காரியத்தை முடித்துவிடவில்லை. 1954 ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் கொடுத்தார்கள். 1955-ல் ராஜ்ய புனரமைப்புக் கமிஷன், செங்கோட்டை உள்பட 5 தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சிபாரிசு செய்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை நம்மிடம் வந்தது, முழுசாக அல்ல. தாலுகாவின் மேற்குப் பகுதி, மலையும் காடுமாக, கேரளத்தோடு நின்றுவிட்டது. கேட்டிருந்த தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. ஓட்டுப் போட்டவர்களுக்குச் சந்தோஷமும் வருத்தமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

அமெரிக்காவில், கட்சிக்குள்ளேயே யார் நிற்பது என்று முதலில் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு முடிவு செய்கிறார்கள். 2014-ல் காங்கிரஸ் கட்சி நம் நாட்டிலும் சில தொகுதிகளில் மட்டும் அதைச் சோதித்துப் பார்த்தது. மற்றபடி இங்கே வழக்கம் வேறு. விருப்ப மனுவும் நேர்காணலும் கட்சித் தலைமை நிலையத்தோடு முடிந்துவிடும். அபேட்சகர் யார் என்பது நமக்குப் பத்திரிகை மூலமாகத்தான் தெரியவரும். செங்கோட்டைக்காரர்களுக்கோ, ஒரே கொள்கை வம்சத்தில் பிறந்த இருவரில் ஒருவரைத் தாங்களே பொறுக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

ஆகவே, சகோதரிகளே, அடுத்த தேர்தலில் ஒரே மாதிரி கும்பிடு போட்டுக்கொண்டு இரண்டு பேர் உங்கள் வாசலுக்கு வந்தால் குழம்ப வேண்டாம். உட்கார வைத்து மோர் கொடுங்கள். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சபையிலே நீங்கள் சிறுபான்மையாக இருக்கும் நாளில், எங்களுக்காக எந்த ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்வீர்கள்?" மோரை வைத்துவிட்டு, யோசித்து, ஒரே பதில் சொல்லுகிறவர் யாரோ அவரைக் கவனித்து வையுங்கள்.