பக்க விளைவும் பக்கத் துணையும்

சில சொற்கள், அவற்றைச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகின்றன. 'பக்க விளைவு' அத்தகைய சொல். மருந்து எழுதித் தரும் மருத்துவருக்கு நோய் அடங்குவதே முதன்மை விளைவு. ஏனையவை பக்க விளைவுகள். அம்மருந்தை உடலில் ஏற்றுக்கொள்ளும் நோயாளிக்கோ, எச்சிலையும் விழுங்க முடியாத வாயும், ஓயாத குமட்டலும், எழுந்து அமரவும் இயலாத சோர்வும் பக்கத்தில் நிற்பவையல்ல. நாளின் நடுவே வந்து அமர்ந்துகொள்பவை. புற்றுநோயைக் கண்ட குடும்பங்கள் இதை அறியும். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. எங்கள் மூத்த சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய் எனத் தெரிந்த நாள்முதல், உடன்பிறந்தவர்களாகிய நாங்கள் மூவரும் முறைவைத்து அவருடன் இருந்தோம். அம்மாதங்கள் எங்களுக்குக் கற்பித்தவற்றுள் சிலவற்றை இவ்விதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

புற்றுநோய் அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுபவை. கீமோதெரபி மருந்துகளுள் பெரும்பாலானவை, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கி அழிக்கின்றன. ஆனால் நம் உடலில் இயல்பாகவே விரைந்து பெருகும் நல்ல அணுக்களும் உண்டு: தலைமுடியின் வேர்களில், வாயின் உட்தோலில், குடலின் உட்சுவரில், இரத்தத்தை உருவாக்கும் எலும்பு மச்சையில். மருந்து இவற்றை முழுமையாகப் பிரித்தறிவதில்லை. கோதுமையோடு களையும் வளர்ந்த வயலைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். களையைப் பறிக்கையில் பயிரும் சேர்ந்து வந்துவிடுமே என்பது அந்த நிலக்கிழாரின் கவலை. மருத்துவரின் கவலையும் அதுவே. ஆகவேதான் நல்ல அணுக்கள் மீண்டெழுவதற்கு இடைவெளி விட்டு, சுற்றுச் சுற்றாக மருந்தேற்றுகின்றனர். அக்காவுக்கு 21 நாள்களுக்கு ஒருமுறையாக இரண்டு மருந்துகள் நான்கு சுற்றுகள் ஏற்றப்பட்டன. அதன்பின் வேறொரு மருந்து தொடர்ந்தது.

இம்மருந்துகள் வந்த வழியும் சிந்திக்கத்தக்கது. முதல் உலகப் போரில், 1917ஆம் ஆண்டில், கடுகு வாயு என்னும் நச்சு, படைவீரர்கள்மேல் ஏவப்பட்டது. அதற்கு இரையானோரின் குருதியில் வெள்ளணுக்கள் அருகிப்போயிருந்ததை மருத்துவர்கள் கண்டனர். அந்நச்சின் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளை, 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், நிணநீர்ப் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு மருந்தாக ஏற்றினர். அக்கா பெற்ற சைக்ளோபாஸ்பமைடு அந்த வழியில் வந்ததே. உடன் ஏற்றிய சிவப்பு நிற டாக்சோரூபிசின், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. பின்னர் ஏற்றிய பாக்ளிடாக்சல், பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையில் கண்டறியப்பட்டது. இவ்வளவு ஏன்? கல்லறைத் திருநாளன்று நாம் மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் தோட்டங்களில் யாரும் நடாமலே பூத்து நிற்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், 1960களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகி வருகிறது. மருந்துகள் மண்ணிலிருந்து இறைவன் தந்தவை, மருத்துவரை மதிப்பது இறைப்பற்றுக்கு மாறானதன்று என்னும் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தின் கருத்து எங்களுக்கு அந்நாள்களில் புதிய வெளிச்சத்தோடு தெரிந்தது.

முதல் சுற்று முடிந்த 18ஆம் நாள் தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. இது நிகழும் என முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மீண்டும் வளரும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆயினும் கண்ணாடிமுன் நின்ற அக்காவுக்கு அந்த அறிவு போதவில்லை. கோவிலில் முக்காடு இருந்ததால் யாரும் உற்று நோக்கவில்லை. ஒருநாள் காய்கறிக் கடையில் முந்தானை நழுவியபோது, கடைக்கார அம்மாள், "வேளாங்கண்ணி மொட்டையாக்கா?" என்று வாஞ்சையோடு கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, "இது ஆஸ்பத்திரி மொட்டை. மாதாவுக்கு இனிமேதான் குடுக்கணும்" என்றார். நேர்ச்சையாக மனமுவந்து அளிப்பது வேறு. கேளாமலே பறிக்கப்படுவது வேறு. இந்த வேறுபாட்டை அந்தச் சிரிப்பு எங்களுக்கு உணர்த்தியது. துன்புறுவோரிடம், "எல்லாவற்றையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். ஒப்புக்கொடுப்பது நோயாளியின் உரிமை. அதை அவர் வாயிலிருந்து பிடுங்குவது நம் வேலையன்று.

வாந்தியைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் உள்ளன. 1990களின் தொடக்கத்தில் புழக்கத்திற்கு வந்த ஒண்டன்செட்ரான் போன்றவை, முன்னாளில் நோயாளிகள் பட்ட பாட்டைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆனால் மருந்தேற்றிய வாரத்தில் வாய்ப்புண் வந்தது. காரமும் புளியும் சேர்ந்த நம் வீட்டுச் சமையல் வாயை எரித்தது. தாளிக்கும் வாசனையே குமட்டியது. உப்பும் ஆப்பசோடாவும் சிறிது கலந்த வெதுவெதுப்பான நீரால் அடிக்கடி வாய் கொப்பளிப்பதும், ஆறிய குழைந்த கஞ்சியும் உதவின. நற்கருணை உட்கொள்ளவும் அக்கா தயங்கினார். உலர்ந்த வாயில் அப்பம் ஒட்டிக்கொண்டது. எங்கள் பங்குத்தந்தை அப்பத்தின் மிகச் சிறு துணுக்கை மட்டும் கொடுத்து, உடனே சிறிது நீர் பருகச் செய்தார். நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர நோன்பு நோயாளிகளைக் கட்டுப்படுத்தாது என்றும், அப்பத்தை விழுங்கவே இயலாதவர்க்கு இரச வடிவில் மட்டும் வழங்கவும் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது என்றும் அவர் எடுத்துரைத்தார். சட்டநூலிலும் ஒரு தாயின் கை இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இரண்டாம் சுற்றின் 10ஆம் நாள், தவக்காலத்தின் முதல் வெள்ளி. மருந்தேற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது உடலுக்குக் காவல் இல்லை. சாதாரணத் தொற்றும் சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைக்கக்கூடும். அன்று மாலை வீட்டில் சிலுவைப்பாதை செபித்தோம். அக்கா நாற்காலியில் அமைதியாக அமர்ந்திருந்தார். செபம் முடிந்து அவர் கையைப் பற்றிய அவருடைய மகள், "அம்மா, கை நெருப்பா கொதிக்குதே!" என்று அலறினாள். வெப்பமானி 101 காட்டியது. நண்பகலிலிருந்தே குளிர் எடுத்திருக்கிறது, அவர் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இந்தத் தவக்காலத்துல இதையாவது யார்கிட்டயும் சொல்லாம ஆண்டவருக்கு வைப்போம்னு நினைச்சேன்" என்றார்.

அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். புறப்படுமுன் இளம் மருத்துவர் ஒருவர் கட்டிலருகே அமர்ந்து, "ராத்திரி ரெண்டு மணியானாலும் சொல்லணும்மா. இது பொறுத்துக்கிற காய்ச்சல் இல்ல" என்றார். மருந்தேற்றிய நாள்களில் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், காய்ச்சல் மாத்திரை போட்டுக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பமும் சுவரில் எழுதி வைக்கவேண்டிய செய்தி.

அக்காவின் மௌனம் பக்தியில் பிறந்தது. அதைப் பழிக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் அந்த மௌனத்தை ஆண்டவர் கேட்டாரா? கெத்சமனித் தோட்டத்தில் அவர் தம் துயரத்தைச் சீடர்களிடம் மறைக்கவில்லை. தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். துன்பக் கிண்ணம் அகலவேண்டும் எனத் தந்தையிடம் வாய்விட்டு மன்றாடினார். அதன்பின்னரே அவர் திருவுளத்திற்குப் பணிந்தார். சிலுவையில் தொங்கியபோதும் தமக்குத் தாகம் என்பதைச் சொன்னார். சீரேன் ஊர்ச் சீமோன் தோள் கொடுத்தபோது, அச்சிலுவையைத் தாமே தனித்துச் சுமக்கவேண்டும் என்று அவர் மறுக்கவில்லை. அப்படியிருக்க, வலியைச் சொல்வது விசுவாசக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வந்தது? வலியைத் தணிக்கும் மருந்துகளை ஏற்பது கிறித்தவ நெறிக்கு ஒவ்வாததன்று என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களிடம் தெளிவுபடுத்திவிட்டார். தணிக்கக்கூடிய துன்பத்தை மருத்துவரிடம் சொல்வது முறையீடன்று. இறைவன் தந்த உயிருக்குச் செய்யும் கடமை. அதற்குப் பின்னும் எஞ்சும் துன்பமே ஒப்புக்கொடுப்பதற்குரிய காணிக்கை. அதுவே போதிய அளவு இருக்கிறது.

பாக்ளிடாக்சல் தொடங்கியபின் விரல் நுனிகள் மரத்துப்போயின. பொத்தான் மாட்ட முடியவில்லை. செபமாலை மணிகள் விரலுக்குத் தட்டுப்படாமல் நழுவின. எத்தனையாவது அருள்நிறை மரியே என்பது தெரியாமல் அக்கா தவித்தபோது, அவர் மகள் அருகில் அமர்ந்து, மணிக்கு ஒருமுறை தாயின் உள்ளங்கையை மெல்ல அழுத்தி எண்ணிக்கை காட்டினாள். அந்நாள்களில்தான் பங்குத்தந்தை நோயில்பூசுதல் வழங்க முன்வந்தார். எங்கள் தாயார் அழத் தொடங்கிவிட்டார். 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பழைய பெயரோடு வளர்ந்த தலைமுறை அவர்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்பதே அவர்கள் அறிந்தது. இத்திருவருட்சாதனம் இறக்கும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் எடுத்துரைத்ததையும், நோய் முற்றும்போது மீண்டும் இதைப் பெறலாம் என்பதையும் தந்தை பொறுமையோடு விளக்கினார். இன்றைய சடங்குமுறையில் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுகிறார்கள். தொடுவுணர்வு இழந்திருந்த அக்கைகளில் அவர் சிலுவை அடையாளமிட்டபோது அழுதுகொண்டிருந்த தாயாரே முதலில் 'ஆமென்' என்றார்.

இறுதியாக, சோர்வைப் பற்றி ஒரு சொல். அது உறங்கினால் தீரும் களைப்பன்று. அதைப் புரிந்துகொள்ள அரசர்கள் முதல் நூலில் எலியாவின் வரலாறு எங்களுக்கு உதவியது. சாவை வேண்டிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்துவிட்ட அந்த இறைவாக்கினருக்கு வானதூதர் அறிவுரை கூறவில்லை, சுட்ட அப்பமும் நீரும் வைத்தார், மீண்டும் உறங்கவிட்டார், மறுபடியும் வந்து உண்ணச் செய்தார். நோயாளியைக் காணச் செல்லும் நமக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி உண்டோ? யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் உடன் அமர்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் விளக்கத் தொடங்கியபோதுதான் அவருக்குச் சுமையானார்கள்.

ஆகவே நம் அன்பியங்கள் செய்யக்கூடியவை பல. சளியோ காய்ச்சலோ உள்ளவர்கள் அந்த வீட்டிற்குச் செல்லாதிருப்பதும் ஓர் அன்புச் செயலே. கூட்டமாகச் சென்று நீண்ட செபம் நடத்துவதைவிட, ஒருவர் சென்று கைகழுவி உள்ளே நுழைந்து, கால் மணி நேரம் அமர்ந்து திரும்புவது மேல். மருத்துவமனைக்குத் துணை செல்லலாம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரலாம். கேட்டறிந்து, அவர் வாய்க்கு ஏற்ற உணவைச் சமைத்துத் தரலாம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கலாம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று, துன்பத்தின் மீட்புப் பொருள் குறித்துத் தாம் வெளியிட்ட திருமடலின் நிறைவுப் பகுதியில் நல்ல சமாரியரை நம்முன் நிறுத்துகிறார். துன்பத்தின் பொருளைத் தேடும் பயணம், அடிபட்டுக் கிடப்பவரின் காயத்தைக் கட்டும் இடத்திற்கே நம்மைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 1993 முதல் அதே பிப்ரவரி 11 உலக நோயாளர் நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அந்நாளில் மட்டுமன்றி, 21 நாள்களுக்கு ஒருமுறை மருந்தேற்றச் செல்லும் நம் பங்கு மக்கள் ஒவ்வொருவரின் பக்கத்திலும் நாம் இருப்போமாக. அவர்கள் நோகிறது என்று தயங்காமல் சொல்லவும், சொன்னதைக் கேட்டுச் செயல்படவும் நம் இல்லங்கள் இடம் தரட்டும்.