பதுளைக்கு வந்த ‘வெண்பா’

பதுளை, பசறை தோட்டங்களில் இளைஞர் போன்களில் ஃப்ரீ ஃபயர்தான் ராஜா. நாலு கூட்டாளிமார் சேர்ந்தால் போதும், ஆட்டம் களைகட்டும்.

ஆனால் பதுளை விளையாட்டுக்காரர் ஒருவரின் மனதில் நின்றது ‘வெண்பா’. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட விளையாட்டு. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதி, அவர்களின் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து கிடக்கிறது. ஆவி மேலேறும்படி இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவதென்று ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். லயத்து அடுப்படியில் வளர்ந்தவருக்கு இது அந்நியமே இல்லை.

சீக்கிரம் முடிந்துவிடுவதுதான் குறை. ஆனாலும் 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது இதற்கே கிடைத்தது.

கணினி கிடைத்தால், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து விளையாடிப் பாருங்கள்.