அம்மாவின் இரத்தத்தில் 6.4

சென்ற கோடையில் என் தாயார் நாசரேத்திலிருந்து புனேக்கு வந்து, கிர்க்கியில் எங்களோடு தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு நெடுநாளாக இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருப்பதாக ஊர் மருத்துவர் சொல்லியிருந்தார். உப்பைக் குறைக்க வேண்டுமே என்று, 'சோடியம் குறைந்த உப்பு' என்று அச்சிட்ட பாக்கெட் ஒன்றை வாங்கி, குழம்பிலும் ரசத்திலும் தாராளமாகவே போட்டேன். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று தினமும் இரண்டு இளநீரும் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. கால்கள் துவண்டன. பயணக் களைப்பு என்றே நினைத்தோம். மாதாந்தர இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.4 என்று வந்தது. மருத்துவர் தாளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்" என்றார்.

இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருப்பதே இயல்பான அளவு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறலாம். உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு செல்களுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இரத்தத்திலும் பிற நீர்மங்களிலும் இருப்பது மிகச் சொற்பம். உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலுள்ள அந்த வேறுபாட்டினால்தான் நரம்பும் தசையும் இயங்குகின்றன, இருதயமும் ஒழுங்காகத் துடிக்கிறது. அளவு மிகுதியானாலும் குறைந்தாலும் துடிப்பு தடுமாறும். பேதியிலும் வாந்தியிலும் பொட்டாசியம் இழக்கப்படுவதால்தான் ஓ.ஆர்.எஸ். பொடியில் அதையும் சேர்க்கிறார்கள். மிகுதியை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வேலை. அம்மாவுக்குத் தளர்ந்திருந்ததோ அதுதான்.

இரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்தாலும் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். ஆனால் ஈ.சி.ஜி.யிலேயே அலைகள் கூர்மையாக உயர்ந்திருந்தன. இருதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசியும், பொட்டாசியத்தைச் செல்களுக்குள் அனுப்பக் குளுக்கோஸோடு இன்சுலினும் கொடுத்தார்கள். அன்றிரவு நான் கண்மூடவில்லை.

மறுநாள் மருத்துவர், என்ன உப்பு, என்ன பானம், என்ன மாத்திரை என்று கேட்டார். பாக்கெட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் 'பொட்டாசியம் குளோரைடு' என்றிருந்தது! இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. அம்மா உட்கொண்ட டெல்மிசார்டன் மாத்திரையும் அதை உடலில் தேக்கக்கூடியது. (அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது, மருத்துவரே மாற்றிக் கொடுத்தார்.) உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறுள்ளோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்று விலக்கு வைத்திருக்கிறது. நல்லது செய்வதாக எண்ணி, அம்மாவின் தட்டில் நானே அதைப் பரிமாறியிருந்தேன். அந்த நினைவு இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

நான்காம் நாள் 4.9 ஆயிற்று. இப்போது காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுகிறேன். இளநீர் இல்லை. சாதாரண உப்பைத்தான் சிறிதளவு சேர்க்கிறேன்.

"வடிச்சுக் கொட்டின காயில என்னம்மா ருசி இருக்கு?" என்று அம்மா தினமும் குறைசொல்கிறார்கள். ஆனாலும் மாடிப்படி ஏறிவந்துதான் சொல்கிறார்கள்.