கோடையில் சாகும் மெஷின்

பனி அள்ளும் மெஷின் பனிக்காலத்தில் கெடுவதில்லை, கோடையில்தான் கெடுகிறது. கெட்டுப்போன விஷயம் நமக்குத் தெரியவருவதுதான் பனிக்காலத்தில்.

நம்ம காலேஜில் ஸ்னோப்ளோயரைக் கையால் தொட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். எனக்கு அந்த வாய்ப்பு அப்பாவின் வேலையால் கிடைத்தது. 2014 முதல் 2018 வரை நாங்கள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், சிரகியூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். நியூயார்க்னு சொன்னதும் டைம்ஸ் ஸ்கொயர் ஞாபகத்துக்கு வரும். இது அது இல்லை. அங்கிருந்து காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வடமேற்கே போகணும். குளிர்காற்று ஒன்டாரியோ ஏரியைத் தாண்டி வரும்போது தண்ணீரின் ஈரத்தை எல்லாம் வாரிக்கொண்டு வந்து, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். சிரகியூஸில் ஒரு சீசனுக்குச் சராசரியாகச் சுமார் 3 மீட்டர் பனி விழுகிறது. சுற்றியுள்ள ஊர்களுக்குள் யாருக்கு அதிகப் பனி என்று ஒரு போட்டியே உண்டு. 'தங்கப் பனிப்பந்து' என்று அதற்குப் பெயர். அதை அதிக முறை ஜெயிப்பது சிரகியூஸ்தான். ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அம்மா கேட்பார்.

பனி பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை கார் வரும் பாதை 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 18 கனமீட்டர். லேசான புதுப்பனி கனமீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 1,800 கிலோ. ஒரு தடவைக்கு 5 கிலோ வீதம் மண்வாரியில் அள்ளினால் 360 தடவை குனிந்து நிமிரணும். ஈரப்பனியாக இருந்தால் எடை இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். இதெல்லாம் காலை ஏழு மணிக்குள், ஆபீஸ் கிளம்பும் முன்னாடி. முடித்து நிமிரும்போது ஊராட்சியின் பனி வண்டி ரோட்டைச் சுத்தம் செய்துகொண்டே வந்து, ரோட்டுப் பனியை முழங்கால் உயரக் கரையாக நம் வாசலில் தள்ளிவிட்டுப் போகும். அந்தக் கரை நொறுங்கிய கல் மாதிரி இருக்கும்.

முதல் குளிர்காலம் முழுக்க அப்பா கையால்தான் அள்ளினார். "இதுதான் எனக்கு ஜிம்"னு சொல்வார். 2015 பிப்ரவரியில் ஒரு காலை, பாதி அள்ளியவர் மண்வாரியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நெஞ்சை யாரோ பெல்ட் போட்டு இறுக்குவது போல இருந்தது என்று பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. பனி விழுந்த மறுநாள் இப்படி வருபவர்கள் அங்கே வழக்கம்தானாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், அதோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் பாரம் தூக்கினால் இதயம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. பெரும் பனிப்பொழிவுக்கு அடுத்த நாள் ஆண்களிடம் மாரடைப்பு கூடுகிறது என்பதுதான் அதன் முடிவு. அதைப் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை.

"இனிமே நீங்க மண்வாரியைத் தொடக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார். அப்படித்தான் மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது. புதுசு வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். ஏப்ரலில் ஒரு வீட்டின் முன்னால் 'ஸ்டார்ட் ஆகாது' என்ற அட்டையோடு ஒரு பழைய ஸ்னோப்ளோயர் நிற்பதை அவர்தான் காட்டினார். விலை 150 டாலர். "வாங்குங்க, கார்பரேட்டரா மட்டும்தான் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே பெட்ரோலே இல்லை. பழைய வார்னிஷ் மாதிரி ஒரு பச்சைப் பிசின், அதே நாற்றம். முந்தைய சொந்தக்காரர் டேங்கில் பெட்ரோலோடு மெஷினை ஓரமாக நிறுத்தியிருக்கிறார். மாதக்கணக்கில் நின்றதில் ஆவியாகக்கூடியது ஆவியாகி, மிச்சம் பிசினாக உறைந்துவிட்டது. அங்கே பெட்ரோலில் வழக்கமாக 10 சதவீதம் எத்தனால் இருக்கும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் துளி பிசின் அடைத்தால் போதும், 8 குதிரைத்திறன் எஞ்சின் செத்த மாதிரிதான். பெரியவர் மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, கிளீனர் ஸ்பிரே அடித்து, புது கேஸ்கெட் போட்டார். கயிற்றை மூன்றாவது தடவை இழுத்ததும் மெஷின் உறுமியது. அதன் நிறமும் சத்தமும் பார்த்து அம்மா 'எருமை'னு பெயர் வைத்தார்.

எருமையை ஓட்டியதும் அம்மாதான். கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் மொபெட் ஓட்டியவர். "சோக் போட்டு ஸ்டார்ட் பண்றது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்" என்று முதல் நாளே ஹேண்டிலைப் பிடித்துவிட்டார். கிட்டத்தட்ட நூறு கிலோ எடை என்றாலும் கியர் போட்டால் அதுவே நகரும், நாம் திசை காட்டினால் போதும். முன்னால் பல் வைத்த இரும்புச் சுருள் ஒன்று மெதுவாகச் சுழன்று பனியை நடுவுக்கு இழுக்கும். அதற்கு ஆகர் என்று பெயர். பின்னால் இம்பெல்லர் என்ற விசிறி வேகமாகச் சுழன்று, அந்தப் பனியை மேலே உள்ள குழாய் வழியாகப் பத்து மீட்டர் தள்ளி வீசும். ஹேண்டிலில் உள்ள லீவரை விட்டால் ஆகர் நின்றுவிடும். இந்த வகை மெஷினின் முன்னோடியைச் செய்தவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார். 1925இல் செய்த அந்த மெஷின் லாரியில் பொருத்தியது, ரோடு சுத்தம் செய்வதற்கானது. 1927இல் மான்ட்ரியல் பக்கத்து ஊர் ஒன்று அதை வாங்கியது. நடந்துகொண்டே ஓட்டும் வீட்டு மெஷின்கள் 1950களுக்குப் பிறகுதான் பரவின.

பழகப் பழகத்தான் அந்த டிசைனில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று தெரிந்தது. எருமைக்கு ஏர் ஃபில்டர் கிடையாது. பனிக்காலத்தில் தூசி இல்லை. ஃபில்டர் வைத்தால் அதில் பனி படிந்து உறைந்து மூச்சடைத்துவிடும். கார்பரேட்டரைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி இருக்கும். எஞ்சினின் சூட்டை அங்கே தேக்கி, ஜெட் உறையாமல் பார்த்துக்கொள்ள. எஞ்சின் ஆயில் 5டபிள்யூ-30. நம்ம ஊர் பைக்குக்குப் போடும் 20டபிள்யூ-40ஐ அங்கே மைனஸ் 20 டிகிரியில் ஊற்றினால் தேன் மாதிரி கெட்டியாகி, கயிற்றை இழுக்கவே முடியாது. டபிள்யூ என்பது 'வின்டர்'. அதுவரை அதை நான் வெறும் பிராண்ட் நம்பர் மாதிரிதான் பார்த்திருந்தேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் எருமைக்கு ஆயுத பூஜை. பெரியவர் எழுதிக் கொடுத்த லிஸ்டை அம்மா தமிழில் எழுதி கராஜ் சுவரில் ஒட்டியிருந்தார். ஆயில் மாற்று. ஸ்பார்க் பிளக் பார். பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா பார். சக்கரத்தை ஓட்டும் ரப்பர் விளிம்பு டிஸ்கில் ஆயில் படாமல் துடை, பட்டால் வழுக்கும். தரையில் உரசும் சறுக்குக் கட்டையின் உயரத்தைச் சரிசெய். கராஜுக்கு வெளியே இழுத்து வந்து பத்து நிமிஷம் ஓட்டு. வெளியே என்பதற்குக் கீழே இரண்டு கோடு, ஏனென்றால் மூடிய கராஜில் கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்தால் வாசனைகூட வராது. ஏப்ரலில் இன்னொரு லிஸ்ட், அது இதைவிட முக்கியம்: டேங்கைக் காலி செய், கார்பரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அதுவாக அணையட்டும்.

அந்த வயதில் எனக்குக் கொடுத்த வேலை நட்டு எண்ணுவதும் டார்ச் பிடிப்பதும்தான். ஆனால் இத்தனையும் எதற்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எருமை ஸ்டார்ட் ஆகாத காலையில் அப்பா சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். மண்வாரியை எடுப்பார். அவரை நிறுத்தி வைத்திருந்தது டாக்டர் சொன்ன வார்த்தை இல்லை, ஓடுகிற எஞ்சின்.

2017 மார்ச் 14. வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றை ஒரே பனிப்புயல் மூடிய நாள். ஸ்கூல் லீவு, கடைகள் மூடியாச்சு. அம்மா பாதையை முடித்துவிட்டு, வாசலில் வண்டி தள்ளிவிட்டுப் போன கரையை உடைக்கப் போனார். படார் என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, ஆகரின் ஒரு பக்கம் மட்டும் சுற்றவில்லை. உள்ளே பார்த்தால், பிளாஸ்டிக் உறையோடு கல்லாக உறைந்த செய்தித்தாள் கட்டு.

உடைந்தது ஷியர் பின். ஆகரை அதன் ஷாஃப்டோடு கட்டிவைத்திருக்கும் சின்ன போல்ட். வேண்டுமென்றே மென்மையான எஃகில் செய்வார்கள். கல்லோ கட்டையோ மாட்டினால் முதலில் அதுதான் அறுபடணும். அது அறுபடாவிட்டால் அந்த விசை முழுக்க உள்ளே போய் வார்ம் கியர்பாக்ஸின் வெண்கலப் பல்லை உடைக்கும். 'அடிக்கடி உடையுதே' என்று சிலர் அங்கே கெட்டியான போல்ட் போடுவார்களாம். போல்ட் பிழைக்கும், கியர்பாக்ஸ் போகும். மெஷின் டிசைன் பாடத்தில் இதற்கு இரண்டு மார்க் கேள்விதான் வரும். அந்த வாசலில் அது இரண்டு மார்க் விஷயமாக இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் அப்பா கோட்டு போட்டு, மண்வாரியோடு படியில் நிற்கிறார்.

"கொஞ்சம்தானே இருக்கு, நான் பார்த்துக்கறேன்."

"ஏங்க, அதைக் கீழ வைங்க. அஞ்சு நிமிஷம்."

அக்டோபரிலேயே மாற்று பின்கள் நான்கை ஒரு கவரில் போட்டு ஹேண்டிலுக்குக் கீழே டேப் ஒட்டி வைத்திருந்தோம். லிஸ்டில் கடைசி வரி அது. அம்மா எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றினார். அதற்கப்புறமும் கையை உள்ளே விடவில்லை. மெஷினோடு வரும் பிளாஸ்டிக் குச்சியால்தான் செய்தித்தாளைக் குத்தி எடுத்தார். காரணம் பெரியவரின் வலது கை. நடுவிரலும் மோதிர விரலும் பாதிதான். "எஞ்சின் ஆஃப்ல இருந்தப்பதான் போச்சு" என்று முதல் நாளே எங்களிடம் காட்டியிருந்தார். அடைத்துக்கொண்ட பனியில் இம்பெல்லர் இறுக்கத்தோடு நிற்கும். அடைப்பை எடுத்ததும் அந்த இறுக்கம் விடுபட்டு ஒரே ஒரு வெட்டு வெட்டும். சுவிட்சை அணைத்தால் எஞ்சின் நிற்கும், தேங்கிய விசை எங்கேயும் போகாது. அமெரிக்காவின் கை அறுவை மருத்துவர் சங்கம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்படியும் இந்த விபத்து நின்றபாடில்லை.

பின் மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு டார்ச் பிடித்தார். அன்றைக்கு என் வேலை பறிபோனது.

2018இல் ஊர் திரும்பும் முன் எருமையை விற்றோம். வாங்க வந்த தம்பதிக்கு அதுதான் முதல் குளிர்காலம். அம்மா டேங்கைக் காலி செய்து, பின் கவரை ஹேண்டிலில் ஒட்டி, இரண்டு லிஸ்டையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். வாங்கிய விலையைவிட 100 டாலர் கூடுதலாகவே கிடைத்தது.

இப்போது நம்ம பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. ஹாஸ்டல் ஷெட்டில் செமஸ்டர் லீவு முழுக்க நிற்கும் பைக்குகளைப் பார்த்தால் எனக்கு அந்த வார்னிஷ் நாற்றம் மூக்கில் அடிக்கும். கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நிமிஷ வேலை. அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் மழைத்தண்ணீர் பம்பை ஆகஸ்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நவம்பரில் தண்ணீர் ஏறும்போது அது ஓடாவிட்டால், வீட்டில் யாரோ ஒரு அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்.