கப்பித்தான் கெலிங் தெருவில் ஒரு தோல் வார்

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போகிறீர்களா? சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். பள்ளிவாசலில் கழற்ற வேண்டும். பக்கத்துக் குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலிலும் கழற்ற வேண்டும். பெரியவர்கள் இந்தச் சாலையை இன்னும் பிட் ஸ்திரீட் என்றுதான் சொல்வார்கள். அது வில்லியம் பிட் என்ற இங்கிலாந்துப் பிரதமரின் பெயர். இப்போதுள்ள பெயர், 1801-இல் இந்தப் பள்ளிவாசலுக்கு வழிசெய்த காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவரை நினைவில் வைத்திருக்கிறது. வெள்ளைக்காரத் துரைகள் அவருக்குக் கொடுத்த பட்டம்தான் 'கப்பித்தான் கெலிங்'.

கோபுரத்தையும் குவிமாடத்தையும் எல்லோரும்தான் படம் பிடிக்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் கீழே பாருங்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளில் பெரும்பாலும் ரப்பர் ஜப்பான் சிலிப்பர்தான். நடுவே ஒரு ஜோடி தோல் 'சாப்பால்' கண்ணில் படலாம். ஹரிராயாவுக்கு மலாய்க்காரர்கள் பாஜு மெலாயுவோடு போடுவது. நம்முடைய 'சப்பல்' என்ற சொல்தான் மலாயில் அப்படி ஆகிவிட்டது.

இன்னொன்றும் உங்களுக்கு ஞாபகம் வரலாம். கைலிக்கு மேல் நாலு விரல் அகலத்தில் பச்சை பெல்ட்! பணப்பை தைத்த அந்த பெல்ட்டை நம் ஊர் முஸ்லிம் பெரியவர்கள் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் அதற்கு 'ஹாஜி பெல்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் தெரிய வேண்டுமானால் இங்கிருந்து பொடிநடையாக ஆச்சீன் ஸ்திரீட் பள்ளிவாசல் வரை போய்வாருங்கள். 1808-இல் கட்டியது. சுமத்திராவிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்த ஹஜ் பயணிகள் அந்த வட்டாரத்தில்தான் தங்கி, டிக்கெட் எடுத்து, கப்பல் ஏறினார்கள். 1970-களில் விமானம் வந்து கப்பலை ஓரங்கட்டும் வரை அந்தத் தெருவுக்கு 'இரண்டாவது ஜித்தா' என்றே பெயர். வாரக்கணக்கில் கடலில் போகிறவனுக்கு வங்கி ஏது, பெட்டி ஏது? சேர்த்துவைத்த காசெல்லாம் இடுப்பில்தான்.

அந்த பெல்ட் எங்கே அறும் என்று நினைக்கிறீர்கள்? நடுவில் அறாது. பக்கிளுக்காகத் தோலை மடித்துத் தைத்த இடத்தில்தான் அறும்.

கணக்கு இதுதான். நல்ல பெல்ட் தோல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தோல்காரர்கள் பாஷையில் இது 10 அவுன்ஸ். அவுன்ஸ் என்றதும் தராசைத் தேடாதீர்கள். இங்கே 1 அவுன்ஸ் என்பது 1 அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு கனம். இந்தத் தோலை அப்படியே மடித்தால் 8 மில்லிமீட்டர் ஆகிவிடும். பக்கிளும் உட்காராது, மடிப்பும் வெடிக்கும். ஆகவே மடிக்கிற இடத்தை மட்டும் பாதியாகச் சீவ வேண்டும். அப்போது மடித்த பிறகும் அதே 4 மில்லிமீட்டர்தான். செருப்பு வார் அடித்தோலுக்குள் நுழையும் இடத்திலும் இதே வேலைதான். மேல்பக்கத்தை, அதாவது முடி இருந்த பக்கத்தைத் தொடக்கூடாது. சதைப்பக்கத்தில்தான் சீவ வேண்டும். அதிலும் அளவு உண்டு. தோலின் பலமெல்லாம் மேல்பக்கத்துக்குக் கீழே பின்னிக் கிடக்கும் நாரில் இருக்கிறது. ஆசைப்பட்டு அதிகம் சீவினால் பளபளப்பு மிஞ்சும், பலம் மிஞ்சாது.

பால் வெட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. பட்டையைச் சீவுகிற கை ஒரு இழை ஆழமாகப் போனால் மரத்தில் காயம். தோலும் அப்படியே.

கத்தியால் சீவுகிறவர்கள் வழுவழுப்பான கல்லின்மேல் தோலை வைத்துத் தள்ளித் தள்ளிச் சீவுவார்கள். கை தேறவே வருஷக்கணக்காகும். இதற்காக வந்ததுதான் கையால் சுற்றும் இரும்பு மிஷின். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து லாண்டிஸ் கம்பெனி செய்த 30-ஆம் நம்பர் மிஷின் பேர்போனது. குதிரைச் சேணம் தைப்பவர்களும் சப்பாத்து ரிப்பேர் கடைக்காரர்களும் வாங்கி மேசையில் முடுக்கிவைத்தார்கள். இன்றைக்கும் உலகத்தில் பல தோல் பட்டறைகளில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் போட்டால் போதும், கரண்ட் பில் கிடையாது!

தோட்டத்தில் ரப்பர் ஷீட் உருட்டும் கைமிஷினைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கிட்டத்தட்ட அந்தச் சாடைதான். கைப்பிடியைச் சுற்றினால் உருளைகள் தோலை இழுத்துக்கொள்ளும். உள்ளே ஒரு நீளக் கத்தி அசையாமல் படுத்திருக்கும். உருளைக்கும் கத்திக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தோலின் கனம். ஒரு பிடியை நகர்த்தினால் அந்த இடைவெளி கூடும், குறையும். வார் முழுவதையும் ஒரே கனமாக்கலாம். நுனி மட்டும் வேண்டுமானால், சுற்றிக்கொண்டே பிடியை மெல்ல நகர்த்துங்கள். கனம் சரிவாக இறங்கும். இந்த இரண்டாவது வித்தைக்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். மிஷின் சீராகச் சீவும். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது.

பழைய மிஷின் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தால் முதலில் கத்தியைப் பாருங்கள். கத்தி மழுங்கியிருந்தால் தோல் சுருண்டு மாட்டிக்கொள்ளும். தீட்டும்போது பழைய சாய்வு மாறக்கூடாது. கத்தியின் இரு முனையும் உருளைக்குச் சம தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாரின் ஒரு ஓரம் தடிப்பு, மறு ஓரம் காகிதம். கழிவுத் துண்டை விட்டுச் சோதித்த பிறகே நல்ல தோலை விடுங்கள். ஒரே சுற்றில் பாதியைக் குறைக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவையாகக் குறையுங்கள். முதுகுப் பக்கத்துக் கெட்டித் தோல் நன்றாக ஓடும். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபட்டுச் சுருங்கும். ஆவாரம்பட்டை போன்ற பட்டையில் பதனிட்ட தோல் இதற்கு ஒத்துவரும். மெத்தென்ற குரோம் தோல் மக்கர் பண்ணும். புடவைத் தலைப்பையும் குழந்தைகளின் விரலையும் பல்சக்கரத்துக்குத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கைத்தொழில்களுக்கு ஜார்ஜ் டவுனில் இடம் இருந்ததற்குப் பெரிய காரணம், மலிவான கடை வாடகை. 1966-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு போயிற்று. 2000 பிறந்ததும் வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களும் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்களும் மூட்டை கட்டினார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கட்டடங்களுக்கு மரியாதை வந்தது. உள்ளே வேலை செய்தவர்களில் பலர் அதற்குள் போய்விட்டார்கள். இது எனக்கு ஆறாத விஷயம். சுவருக்குச் சுண்ணாம்பு பூச ஆள் இருக்கிறது, பெல்ட் மடிப்பைச் சீவ ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வந்து இறங்கி, சைனா ஸ்திரீட் வழியே நேராக நடந்தால் குவான் யின் கோயில் எதிரே வந்துவிடும். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். அக்கம்பக்கத்தில் பெல்ட்டோ செருப்போ வாங்குவதானால் மடிப்பைக் கையால் வளைத்துப் பார்த்து வாங்குங்கள். விளிம்பில் அட்டை மாதிரி அடுக்குத் தெரிந்தால் அது தூளை ஒட்டிச் செய்த தோல், வைத்துவிடுங்கள். பசித்தால் கவலையில்லை, பள்ளிவாசலை ஒட்டியே நாசி கண்டார் கடை இருக்கிறது. அதன் பெயரே 'பெராத்தூர்', அதாவது வரிசையில் நில் என்று அர்த்தம். நின்றுதான் ஆக வேண்டும்.