அரிட்டாபட்டி மலையில் ராஜாளி

மதுரைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதெல்லாம் கோபுரங்களைத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தைக் காட்டிலும் அண்ணாந்து பார்க்கத் தகுந்த வஸ்து அந்நகரில் வேறெது? ஆனால் அதே நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், கழுத்து வலிக்கும் வரையில் மேலே பார்த்துக் கொண்டிருக்கத் தகுந்த இன்னோர் இடமும் இருக்கிறது. அங்கே நிற்பவை மொட்டைப் பாறைக் குன்றுகள். அவற்றுக்கு மேலே, சிறகை அசைக்காமலே வட்டமிடும் ராஜாளிகளைக் காணலாம். அந்த ஊருக்கு அரிட்டாபட்டி என்று பெயர்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் நண்பர் ஒருவரும் மதுரையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டோம். "பஸ் இருக்க, கார் இருக்க, இந்தக் குளிரில் சைக்கிள் என்னத்திற்கு?" என்று வீட்டார் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடையும் உண்டு. காரில் போகிறவனுக்குத் தலைக்கு மேலே ஒரு தகடு இருக்கிறது. ஆகாயம் அவனுக்குச் சொந்தமில்லை. நடந்து போகிறவனுக்கு ஆகாயம் முழுவதும் சொந்தம். ஆனால் ஒத்தக்கடை தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவே, சத்தமில்லாமலும் சுமாரான வேகத்திலும் போவது சைக்கிள் ஒன்றுதான். பறவைகளும் சைக்கிள்காரனை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அந்த அலட்சியமே எங்களுக்குப் பெரிய அனுகூலமாயிற்று.

ஒத்தக்கடையை நெருங்கும்போது பொழுது புலர்ந்தது. மங்கிய வெளிச்சத்தில் யானைமலை, துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போலவே கிடந்தது. இதன் அடிவாரத்திலுள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனுக்கு மந்திரியாயிருந்த மாறன்காரி குடைவித்தது. மதுரையைச் சுற்றியுள்ள பாறைகளை நம் முன்னோர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம். அவர்கள் பாறையைக் குடைந்தார்கள், எழுத்துப் பொறித்தார்கள், உள்ளே படுத்துத் தவம் செய்தார்கள். பாறை இருந்த இடத்தில் இருந்தது.

திருச்சிச் சாலையில் வெள்ளரிப்பட்டி தாண்டியதும் வயல்கள் தொடங்கின. அங்கே மின்சாரக் கம்பத்தின் உச்சியில் புறாவைவிடச் சற்றுப் பெரிதான ஒரு வெண்ணிறப் பறவை உட்கார்ந்திருந்தது. தோளில் கறுப்புப் பட்டை. கண்கள் குங்குமச் சிவப்பு. கருந்தோள் பருந்து என்பது இதுதான். வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, எலியைக் கண்டதும் கால்களை நீட்டிக் கொண்டு கீழே இறங்கும்.

சைக்கிளில் போய்ப் படம் பிடிப்பதில் முதற் பாடத்தை இங்கேதான் சொல்ல வேண்டும். கம்பத்தின் மேலிருக்கும் பறவையைக் கண்டவுடன் பிரேக்கைப் பிடித்தால், அடுத்த கணம் கம்பம் மட்டுமே மிஞ்சும். ஆகையால், பார்த்தும் பாராதவர்களைப் போல மிதித்துக் கொண்டே கம்பத்தைக் கடந்து போக வேண்டும். முப்பது நாற்பது கஜம் தள்ளி, சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்து, மெதுவாக இறங்க வேண்டும். இறங்கினதும் பறவையை உற்று நோக்கக் கூடாது. சைக்கிள் சங்கிலியைச் சரி செய்கிற பாவனை மிகவும் நல்லது! பறவையின் சந்தேகம் தீர்ந்த பிறகு காமிராவை எடுக்கலாம். அன்று கருந்தோள் பருந்து எங்களுக்கு முழுமையாக ஐந்து நிமிஷம் காட்சி கொடுத்தது. பிறகு ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பருந்தும் விடை பெற்றுக்கொண்டது.

நரசிங்கம்பட்டி அருகே பெருஞ்சாலையை விட்டு விலகிக் கிராமத்துப் பாதையில் திரும்பினோம். காமிராவைப் பின்னாலுள்ள காரியரில் கட்டாமல் முதுகில் மாட்டியிருந்ததன் அருமை அப்போது தெரிந்தது. பாதையின் குலுக்கல்களையெல்லாம் என் முதுகெலும்பு வாங்கிக்கொண்டு லென்ஸைக் காப்பாற்றியது.

அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள் தொடர்ச்சியாக நிற்கின்றன. மழைக் காலத்தில் அவற்றின் மேல் விழும் நீர் வீணாவதில்லை. 72 ஏரி குளங்களும், 200 இயற்கைச் சுனைகளும், 3 தடுப்பணைகளும் இந்தக் குன்றுகளை நம்பியிருப்பதாக அரசாங்கத்தாரே கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனைகொண்டான் கண்மாய் அவற்றுள் பெயர் பெற்றது. பாறையில் பெய்த மழை கண்மாய்க்கு வருகிறது. கண்மாயிலிருந்து வயலுக்குப் போகிறது. வயலில் நெல் விளைகிறது. நெல்லுக்கு எலியும், புறாவும், சிட்டும் வருகின்றன. அவற்றைத் தேடிக்கொண்டு மேலேயிருந்து வருகிறவர்கள்தான் நாங்கள் பார்க்கப் போன கனவான்கள்.

அக் கனவான்கள் காலையில் தாமதமாகத்தான் எழுந்திருப்பார்கள். அதற்குச் சோம்பல் காரணமில்லை. பெரிய கழுகுகள் சிறகடித்து மேலே ஏறுவது மிகவும் சிரமம். வெயில் பட்டுப் பாறை சூடேறி, அந்தச் சூட்டில் காற்று மேலெழும்பும்போது, அதன்மேல் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டால் செலவில்லாமல் உயரே போய்விடலாம். ஆகவே ஒன்பது மணி வரையில் கண்மாய்க் கரையிலேயே காத்திருந்தோம். கட்டுச்சாதம் தீர்ந்து போன சமயத்தில், "அதோ!" என்றார் நண்பர்.

குன்றின் விளிம்புக்கு மேலே இரண்டு பறவைகள் வட்டமிட்டு ஏறிக் கொண்டிருந்தன. வெண்மையான மார்பு; அதில் மெல்லிய கறுப்புக் கோடுகள்; சிறகின் அடியில் கரிய பட்டை. அவை சாய்ந்து திரும்பியபோது, பழுப்பு முதுகின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதுவே ராஜாளி, பறவை நூலார் பொனெல்லிக் கழுகு என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்தே வாழும், சேர்ந்தே வேட்டையாடும். பாறை இடுக்கிலோ உயர்ந்த மரத்திலோ சுள்ளிகளால் பெரிய கூடு கட்டும்.

பறக்கும் பறவையைப் படம் பிடிக்க 400 மில்லிமீட்டர் லென்ஸாவது வேண்டும். காமிராவின் கண் ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான் திறந்து மூட வேண்டும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. பிரகாசமான ஆகாயத்தை நம்பி வெளிச்சத்தை அளந்தால், படத்தில் ராஜாளி கரிக்கட்டையாய் விழும். காமிரா சொல்வதற்கு மேலே ஒரு படி வெளிச்சம் கூடுதலாகக் கொடுத்தால்தான் மார்பின் கோடுகள் தெரியும்.

இந்த யோசனைகளில் நாங்கள் முழுகியிருக்கையில், பாறை முகத்திலிருந்து அம்பு போல ஒன்று புறப்பட்டது. தன்னைவிடப் பல மடங்கு கனமுள்ள ராஜாளியை நோக்கி அது மேலேறி, உச்சியிலிருந்து சிறகை மடக்கிக்கொண்டு விழுந்தது. ராஜாளி கடைசிக் கணத்தில் புரண்டு கால் நகங்களைக் காட்டியது. மறுபடியும் ஒரு பாய்ச்சல். மறுபடியும் ஒரு புரளல். இரண்டு ராஜாளிகளும் மேற்கே நகர்ந்த பின்னரே அந்தச் சண்டை ஓய்ந்தது. கரிய தலை, கன்னத்தில் மீசை போன்ற கறுப்பு, செம்பழுப்பு வயிறு: ஷாஹீன் வல்லூறு! பாரசீக மொழியிலிருந்து வந்த பெயர் இது. வல்லூறு இனத்தில் இது சேர்ந்த வகை, பாய்ந்து விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டக் கூடியது. உலகத்திலுள்ள எந்தப் பிராணிக்கும் அவ்வளவு வேகம் கிடையாது.

வல்லூறு திரும்பி வந்து பாறை விளிம்பில் உட்கார்ந்து, "கெக், கெக், கெக்" என்று இடைவிடாமல் கத்தத் தொடங்கிற்று. "கொஞ்சம் மேலே ஏறினால் முகம் முழுவதும் தெரியும்படி எடுக்கலாமே?" என்றார் நண்பர். "அது கத்துவதே நம்மைப் பார்த்துத்தான்" என்றேன். இருவரும் கரையோரமாகப் பின்வாங்கினோம். சிறிது நேரத்தில் சத்தம் நின்றது.

இதைப் பற்றி நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வல்லூறு கூடு கட்டுவதில்லை. வெறும் பாறைத் திட்டில் மூன்று நான்கு முட்டைகளை இட்டு அடை காக்கும். மார்கழி முதல் பங்குனி வரையில் அதற்கு இல்லற காலம். அச்சமயம் மனிதன் கிட்டே போனால் தாய்ப் பறவை எழுந்துவிடும்; வெயிலில் காயும் முட்டை வீணாகிவிடும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் மட்டுமே வேட்டைக்காரன் என்று எண்ணிவிடக் கூடாது. நல்ல லென்ஸும் கெட்ட ஆசையும் சேர்ந்தால் அதே காரியத்தைச் செய்துவிட முடியும்.

பாதையோரம் நாங்கள் காமிராவை மூன்று கால் நாற்காலியின் மேல் பொருத்தி நின்றபோது, ஆடு ஓட்டி வந்த முதியவர் ஒருவர் எங்களை வெகுநேரம் கூர்ந்து பார்த்தார். பிறகு கிட்டே வந்து, "என்ன தம்பி, நிலம் அளக்க வந்தீங்களா?" என்று கேட்டார். குரலில் விருந்தோம்பல் இல்லை.

"இல்லை ஐயா, பறவை பார்க்க வந்தோம்" என்று காமிராவிலிருந்த ராஜாளியைக் காட்டினோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுவா! இது எங்க மலைக் கழுகுல்ல?" என்றார்.

அவருடைய முதற் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் பல குன்றுகள் கருங்கற் பலகைகளாக அறுபட்டுப் போய்விட்டதை இந்த மக்கள் கண்ணால் கண்டவர்கள். 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதம் தமிழ்நாடு அரசாங்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் உண்டென்று சொல்லி, லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி ஆகிய மூன்றையும் பெயர் குறித்துச் சொன்னார்கள்.

இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியையும் உட்படுத்திய சுமார் 5,000 ஏக்கர் நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு ஏலத்தில் போனதாகச் செய்தி வந்தது. ஊர் கொதித்து எழுந்தது. டிசம்பர் 9-ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபை அந்த ஏலத்தை ரத்துச் செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி, கிராம ஜனங்கள் ஆயிரக் கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாகப் போனார்கள். நாங்கள் சைக்கிளில் வந்த அதே சாலைதான்! ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசாங்கம் ஏலத்தை ரத்துச் செய்தது. அதற்கப்புறமும் காமிராவைப் பார்த்தால் நில அளவைக் கருவி என்று முதியவருக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன?

வெயில் உச்சிக்கு வந்ததும் கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் ஒதுங்கினோம். இங்கே இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துக்கள் பாறையில் இருக்கின்றன. சமண முனிவர்கள் தங்கிய இடம். பக்கத்தில் தீர்த்தங்கரர் சிற்பமும், வேறொரு புறம் முற்காலப் பாண்டியர் பாணியில் குடைந்த சிவன் கோயிலும் உள்ளன. ஒரு சிற்றுயிருக்கும் தீங்கு நினையாத முனிவர்கள் கீழே; ஊனுண்டு வாழும் கழுகுகள் மேலே. இருவருக்கும் ஒரே பாறைதான் வீடாயிருந்தது!

இவ்வளவு பழைய சொந்தம் அறுந்து போகாது என்று யாரும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். திருக்கழுக்குன்றத்தை நினைத்துப் பாருங்கள். நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பூசாரி கையிலிருந்து அமுது பெற்றுப் போவதைத் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் தரிசித்தார்கள். நிற்கவே நிற்காது என்று எண்ணியிருந்த அந்த வருகை, இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நின்றுவிட்டது. ஊரின் பெயரில் மட்டும் கழுகு மிஞ்சியது. பாறு இனங்கள் பலவும் நாடெங்கும் அருகிப் போனதற்கு, மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற வலி நீக்கும் மருந்து முக்கிய காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பது தடுக்கப்பட்டது. ஆனால் போனவை போனவைதான். ராஜாளியும் வல்லூறும் ஊனுண்ணிகளின் உச்சியில் இருப்பவை; நிலத்திலும் நீரிலும் கலந்த விஷம் எலி வழியாகவும் புறா வழியாகவும் ஏறி ஏறிக் கடைசியில் அவற்றிடந்தான் போய்ச் சேர்கிறது. அவை சுகமாயிருந்தால் வயலும் கண்மாயும் சுகமாயிருக்கின்றன என்று வைத்துக் கொள்ளலாம்.

ஆகவே, நேயர்களில் சைக்கிளும் காமிராவும் உள்ள இளைஞர்கள் யாரேனும் இருந்தால் ஒரு வேண்டுகோள். பறவையின் முகம் மட்டும் நிறையும்படி படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். பறவையையும், அதற்குப் பின்னால் பாறையையும், பாறைக்குக் கீழே வயலையும் சேர்த்து எடுங்கள். தேதியையும், இடத்தையும், எத்தனை பறவைகள் என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூடு இருக்கும் மூலையை மட்டும் ஊரறியச் சொல்லாதீர்கள். "இந்த மலையில் என்ன இருக்கிறது, வெறுங் கல்தானே?" என்று நாளைக்கு யாராவது கேட்டால், அந்தப் படமும் நோட்டுப் புத்தகமும் சாட்சி சொல்லும். கல்வெட்டு ஒரு சாட்சி. கண்மாய் ஒரு சாட்சி. அவற்றோடு ராஜாளியும் சேர்ந்து நிற்கட்டும்.

போகிறவர்கள் விடியற்காலையில் புறப்படுங்கள். தண்ணீர் இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பெரியவர்கள் யாராவது, "நிலம் அளக்க வந்தீங்களா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் சைக்கிளை நிறுத்திப் பதில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கிற வரையில் மலைக்குப் பயமில்லை.